குளவி கொட்டினால் ஆளைப் பாருங்கள்

 

மலையகத்தில் கொழுந்து பறிக்கிறவர்கள் குளவி கொட்டி இறந்த செய்தி அடிக்கடி வருகிறது. அது அங்கேதான் நடக்கும் என்று இருந்துவிட வேண்டாம். தேனுக்கும் விறகுக்கும் காட்டுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள் வாகரையில் என் வகுப்பில் இருக்கிறார்கள். குளவி கொட்டினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "சுண்ணாம்பு பூசுவம் சேர்" என்றார்கள். ஆஸ்பத்திரி என்று ஒருவரும் சொல்லவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

கொட்டின இடம் வீங்குவதும் சிவப்பதும் கடுப்பதும் வழமை. சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி வையுங்கள். தேனீ என்றால் கொடுக்கு தோலிலேயே நிற்கும், விஷமும் இறங்கிக்கொண்டிருக்கும். நகத்தாலாவது உடனே எடுத்துவிடுங்கள். குளவி கொடுக்கை விட்டுப் போகாது. ஒன்றே பல தடவை கொட்டும்.

பயப்பட வேண்டியது வேறு. கையில்தான் கொட்டியது, ஆனால் உதடும் கண்ணும் வீங்குகிறதா? உடம்பெல்லாம் தடிப்பா? மூச்சு இழுக்கிறதா? குரல் அடைக்கிறதா? வாந்தி, மயக்கமா? இது கடுமையான அலர்ஜி. சில நிமிடங்களிலேயே உயிர் போகலாம். இதற்கு முதல் மருந்து அட்ரினலின் ஊசி. தொடைத் தசையில் போடுவார்கள். சுண்ணாம்பும் பிரிட்டோன் குளிசையும் அந்த ஊசிக்கு ஈடாகாது.

ஆளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுக் கஷ்டம் என்றால் சாய்த்து இருத்துங்கள். எழுப்பி நடக்க விடாதீர்கள். 1990 சுவசெரிய அம்புலன்சுக்கு உடனே அழையுங்கள், காசு இல்லை. கட்டுமுறிவு, குஞ்சன்குளம் போன்ற உள்ளூர்களில் அம்புலன்ஸ் வரப் பிந்தும் என்றால், கிடைக்கிற வாகனத்தில் படுக்க வைத்தே கொண்டு போங்கள்.

நிறையக் கொட்டு வாங்கினவர் நல்லாகத் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விஷம் சிறுநீரகத்தைத் தாக்கியது பிறகுதான் தெரியவரும். ஒருமுறை இப்படி அலர்ஜி வந்தவருக்கு அடுத்த கொட்டிலும் வரலாம். அதை டொக்டரிடமும் பிள்ளையின் டீச்சரிடமும் சொல்லி வையுங்கள்.

வாப்பாமாரே, அப்பாமாரே, கூட்டுக்குக் கல் எறிய வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். தேனீயின் பெயரில் குர்ஆனில் ஒரு அத்தியாயமே இருக்கிறது. அது தன் கூட்டைக் காக்கத்தான் கொட்டுகிறது.

காட்டுக்குப் போகிறவர்களுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். அல்லாஹ் எல்லோரையும் பாதுகாப்பானாக.