யார்னு கேக்காதே, எப்பன்னு கேளு

என்ன வேலை பார்க்கறேன்னு ஊர்ல யாராவது கேட்டா, "கம்ப்யூட்டர்ல"ன்னு சொல்லி முடிச்சுடுவேன். விளக்க ஆரம்பிச்சா கேட்டவர் பாதியிலேயே எழுந்து போயிடுவார். இன்னைக்கு நீங்க மாட்டினீங்க :-)

ஒரு கம்பெனியில் வருகைப்பதிவு ஒரு டேட்டாபேஸில் இருக்கும். சம்பளக் கணக்கு இன்னொண்ணில், சரக்கு இருப்பு மூணாவது ஒண்ணில். ஒவ்வொண்ணும் ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொருத்தர்கிட்ட வாங்கினது. ஒண்ணோட பாஷை இன்னொண்ணுக்குத் தெரியாது. ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு ஒரு இடத்துல இருந்து டேட்டாவை எடுத்து, கூட்டிக் கழிச்சு, வேண்டிய வடிவத்துக்கு மாத்தி, இன்னொரு இடத்தில் இறக்கணும். இதுக்கு இ.டி.எல்.னு பேர். எக்ஸ்ட்ராக்ட், ட்ரான்ஸ்ஃபார்ம், லோட். இன்ஃபர்மேட்டிகா, டேட்டாஸ்டேஜ், டாலெண்ட், எஸ்.எஸ்.ஐ.எஸ். எல்லாம் இந்த வேலைக்கான மென்பொருள்கள். சுருக்கமா சொன்னா, கோயம்பேட்டுக்கும் தெருமுனை காய்கறிக் கடைக்கும் நடுவுல ஓடுற மினி லாரி. லாரி ஓட்டத் தெரிஞ்சா மட்டும் போதாது, ரோடு இருக்கணும். எங்க பொழப்புல பாதி நேரம் ரோட்டோட மல்லுக்கட்டறதுதான்.

"கனெக்ஷன் ஃபெயில்டு"ன்னு ஒரு வரி வந்தா புதுசா வர்ற பசங்க பதறிப் போய் பாஸ்வேர்டை மாத்திப் பார்ப்பாங்க. அதுக்கு முன்னாடி பிழை எண்ணைப் படிக்கணும். ஒருத்தரைப் பார்க்க அவர் வீட்டுக்குப் போறதா நினைச்சுக்கங்க. ஆரக்கிள் டேட்டாபேஸில் ஓ.ஆர்.ஏ. 12154 வந்தா, விலாசமே புரியலைன்னு அர்த்தம். கனெக்ஷன் பேர் அந்த ஃபைலில் இல்லை, இல்லைன்னா எழுத்துப்பிழை. 12170 வந்தா, விலாசம் சரி, போனவன் திரும்பலை. பெரும்பாலும் நடுவுல ஒரு ஃபயர்வால் முழுங்கியிருக்கும். 12541ன்னா, வீடு வரைக்கும் போயாச்சு, வாசல்ல ஆள் இல்லை. லிஸனர் ஓடலை, இல்லைன்னா போர்ட் எண் தப்பு (வழக்கமா 1521). 12514ன்னா, கதவைத் திறந்தவர் "அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லையே"ங்கறார். 01017 வந்தாத்தான் பாஸ்வேர்டைச் சந்தேகப்படணும்.

விண்டோஸில் இன்னொரு கூத்து இருக்கு. 64-பிட் விண்டோஸில் 64-பிட் ஓ.டி.பி.சி. கருவி "சிஸ்டம்32"ங்கிற ஃபோல்டரில் இருக்கும். 32-பிட் கருவி "சிஸ்வாவ்64"ல இருக்கும். ரெண்டுக்கும் ஃபைல் பேர் ஒண்ணேதான். ஒண்ணுல கனெக்ஷனை அமைச்சுட்டு, மென்பொருள் இன்னொண்ணுல தேடினா, கிடைக்கவே கிடைக்காது. இதுல நான் தொலைச்ச சனிக்கிழமைகள் நிறைய.

ஆனா இதெல்லாம் வாசல்லயே நிக்கிற வியாதிகள். மருந்தும் சுலபம். உள்ளே போய் நல்லா ஓடிக்கிட்டிருந்துட்டு நடுவுல சாகுமே, அதுதான் எமன். அப்படி ஒண்ணு 2011 நவம்பரில் என்கிட்ட வந்தது.

அப்ப நான் புனேவில் இருந்தேன். சாக்கண் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலை எங்க கிளையண்ட். நானூறு சொச்சம் காண்ட்ராக்ட் தொழிலாளர்கள், பெரும்பாலும் பீகார், ஒடிசா, உத்தரப் பிரதேசக்காரங்க. அடிப்படைக் கூலி போக, அடிச்ச பீஸ் கணக்குக்கு இன்சென்டிவ் உண்டு. ஒவ்வொரு பீஸுக்கும் டேட்டாபேஸில் ஒரு வரி. ஒரு மாசத்துக்கு அறுபது எழுபது லட்சம் வரி சேரும். மாசம் பிறந்து 2ஆம் தேதி ராத்திரி எங்க ஜாப் அத்தனையையும் படிச்சு, ஆள்வாரியா அடுக்கி, கூட்டி, மும்பை டேட்டா சென்டரில் இருந்த சம்பள டேட்டாபேஸில் ஆளுக்கு ஒரு வரியா இறக்கும். அதை வச்சுத்தான் பேங்குக்கு ஃபைல் போகும். ஆயிரம் பேருக்குக் கீழே இருக்கிற இடங்களில் மறுமாசம் 7ஆம் தேதிக்குள்ள சம்பளம் கொடுத்தாகணும்னு 1936ஆம் வருஷத்துச் சட்டம் அப்ப நடப்பில் இருந்தது.

2ஆம் தேதி, புதன்கிழமை. ராத்திரி 11 மணிக்கு ஆரம்பிச்ச ஜாப் 12:36க்குச் செத்தது. ஓ.ஆர்.ஏ. 03135. அதாவது, பேசிக்கிட்டிருந்தப்பவே தொடர்பு போயிடுச்சு.

உடனே கான்ஃபரன்ஸ் கால். டி.பி.ஏ. சொன்னார்: "எங்க பக்கம் உங்க செஷன் இன்னும் உயிரோட இருக்கே, அறுந்துச்சுன்னு எப்படிச் சொல்றீங்க?" நெட்வொர்க்காரர் சொன்னார்: "ஹமாரி தரஃப் ஸே ஸப் க்ளியர் ஹை, ஒரு ரூல்கூட மாத்தலை." மென்பொருளில் "டெஸ்ட் கனெக்ஷன்" பொத்தானை அமுக்கினா பச்சை விளக்கு. மிச்சம் இருந்தது நாங்கதான். எங்க டீமில் பாட்னாவில் இருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகாத ஒரு பையன். இன்சென்டிவ் விதி மாறினதால் அக்டோபர் கடைசி வாரம் அந்த ஜாப்பில் கை வச்சவன் அவன்தான்.

பையன் சொன்னான்: "சார், ஒரு நாள் டேட்டா மட்டும் போட்டுப் பார்த்தேன், போகுது. முழு மாசம் போட்டாத்தான் சாகுது. டைம் பார்க்கணும் சார்."

"முதல்ல உன் கோடைத் திருப்பி எடு. டைம் அப்புறம் பார்க்கலாம்." இது நான்.

ராத்திரி 2 மணிக்கு மெயில் எழுதினேன். "காரணம்: டெவலப்பர் செய்த மாற்றம். திரும்பப் பெறப்படுகிறது." அந்த மெயிலில் 22 பேர் இருந்தாங்க. மறுநாள் மத்தியானம் மேனேஜர் பையனை ப்ராஜெக்டில் இருந்து எடுத்து பெஞ்ச்சில் போட்டுட்டார். நான் ஒண்ணும் சொல்லலை. உண்மையைச் சொன்னா, கொஞ்சம் நிம்மதியாக்கூட இருந்தது. காரணம் கிடைச்சுட்டா கால் முடிஞ்சுடும், பாருங்க.

வியாழன் ராத்திரி பழைய கோடை ஓட்டினேன். 12:27க்குச் செத்தது.

வெள்ளிக்கிழமை ராத்திரி வேற வழி இல்லாம அவன் சொன்னதைச் செஞ்சேன். ஒரு தாளை எடுத்து நேரத்தை எல்லாம் எழுதினேன். முதல் நாள், கடைசி வரி படிச்சது 12:20, செத்தது 12:36. ரெண்டாம் நாள், கடைசி வரி 12:11, செத்தது 12:27. ரெண்டு தடவையும் 16 நிமிஷம். முந்தின ரெண்டு வாரத்து லாக் எல்லாத்தையும் புரட்டினேன். ஒரு மணி நேரத்துக்குள்ள முடியற எந்த ஜாப்பும் சாகலை. நெட்வொர்க்காரரை எழுப்பி ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "சும்மா இருக்கிற கனெக்ஷனை உங்க ஃபயர்வால் எவ்வளவு நேரம் வச்சிருக்கும்?"

"3600 செகண்ட். டீஃபால்ட்தான்."

அக்டோபர் நடுவுல பழைய ஃபயர்வாலை எடுத்துட்டுப் புதுசு வச்சிருக்காங்க. ரூல் எல்லாம் அப்படியே போயிருக்கு. அவர் சொன்னது பொய் இல்லை. பழசில் இந்த ஒரு ரூட்டுக்கு மட்டும் நேரத்தைக் கூட்டி வச்சிருந்த அமைப்புதான் கூடப் போகலை.

நடந்தது இதுதான். எங்க ஜாப் 11 மணிக்கே ரெண்டு டேட்டாபேஸுக்கும் கனெக்ஷன் திறந்துடும். ஆனா படிச்சு, அடுக்கி முடிக்கிற வரைக்கும் மும்பைப் பக்கம் ஒரு வரிகூடப் போகாது. அடுக்கறதுன்னா கடைசி வரி வர்ற வரைக்கும் காத்திருந்துதானே ஆகணும்? அந்த ஒண்ணேகால் மணி நேரம் மும்பை கனெக்ஷன் சும்மா கிடக்கும். ஒரு மணி நேரம் ஆனதும் ஃபயர்வால் தன் பட்டியலில் இருந்து அதை அழிச்சுடும். அழிச்சதை ரெண்டு பக்கமும் சொல்லாது. அதனாலதான் டி.பி.ஏ. திரையில் செஷன் உயிரோட தெரிஞ்சது. நாங்க எழுத ஆரம்பிச்சதும் பாக்கெட் எல்லாம் வழியில் காணாமப் போகும். லினக்ஸ் அதை வழக்கமா 15 தடவை, இடைவெளியைக் கூட்டிக் கூட்டி, திரும்ப அனுப்பிப் பார்க்கும். அதுக்கு ஏறக்குறைய 924 விநாடி, கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. அப்புறம்தான் கைவிடும். பச்சை விளக்கும் பொய் சொல்லலை. அது ஒவ்வொரு தடவையும் புதுசா ஒரு கனெக்ஷனைத் திறந்து பார்க்குது. செத்தது பழைய கனெக்ஷன்.

அன்னைக்கு ராத்திரியே ஜாப்பை ரெண்டா வெட்டினேன். முதல் பாதி படிச்சு அடுக்கி ஒரு ஃபைலில் வைக்கும். ரெண்டாம் பாதி அப்பத்தான் புதுசா கனெக்ஷன் திறந்து இறக்கும். பையனோட புதுக் கோடையே திரும்பப் போட்டேன், அதுல ஒரு தப்பும் இல்லை. சனிக்கிழமை காலை 5 மணிக்கு லோட் முடிஞ்சது. நிரந்தர வைத்தியம் அடுத்த வாரம்: டேட்டாபேஸ் சர்வரில் எஸ்க்யூஎல்நெட் ஃபைலில் "எக்ஸ்பயர் டைம்" 10ன்னு போட்டாங்க. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை "இருக்கியா?"ன்னு ஒரு சின்ன பாக்கெட் போகும். அது கடந்து போறதைப் பார்த்து ஃபயர்வால் கடிகாரத்தை முதல்ல இருந்து எண்ணும். லினக்ஸிலும் இதே மாதிரி கீப்அலைவ் உண்டு. ஆனா இயல்பா 7200 விநாடி, அதாவது ரெண்டு மணி நேரம். ஒரு மணி நேரத்துல மறக்கிறவன்கிட்ட ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நலம் விசாரிச்சு என்ன பிரயோஜனம்?

லோட் முடிஞ்சதே தவிர, சரிபார்த்துக் கையெழுத்தாகிறதுக்குள்ள பேங்கின் சனிக்கிழமை அரை நாள் முடிஞ்சு போச்சு. அடுத்து ஞாயிறு. திங்கள் பக்ரீத் லீவு. செவ்வாய்க்கிழமை, 8ஆம் தேதிதான் பணம் கணக்கில் ஏறும்.

பையனுக்கு ஃபோன் பண்ணினேன். கண்டுபிடிச்சதைச் சொன்னேன். உன் கோட் இல்லைன்னு சொன்னேன். மன்னிப்புன்னு ஒரு வார்த்தை வரலை. அவன் கேட்டது ஒண்ணுதான்: "பேமெண்ட் போயிடுச்சா சார்?"

"செவ்வாய்க்கிழமை ஆகும்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "ஃபேக்டரில யாராவது அவங்ககிட்ட சொல்லிட்டாங்களா சார்? ஊருக்குப் பணம் அனுப்பறவங்க. தேதி தெரிஞ்சா வீட்டுக்குச் சொல்லிடுவாங்க."

யாரும் சொல்லலை. மூணு நாளா 22 பேர் மெயில் எழுதிக்கிட்டிருந்தோம், ஒருத்தருக்கும் தோணலை. ஃபோனை வச்சுட்டு ஃபேக்டரி ஹெச்.ஆரைக் கூப்பிட்டுச் சொன்னேன். சாயந்திரம் கேட்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டினாங்க.

திங்கட்கிழமை மேனேஜர்கிட்ட, திருத்தி ஒரு மெயில் போடறேன்னு சொன்னேன். "இஷ்யூ க்ளோஸ் ஆயிடுச்சு, எதுக்குக் கிளறணும்?"னார். விட்டுட்டேன். அவர் சொன்னதாலதான்னு பல நாள் எனக்கே சொல்லிக்கிட்டேன். ஆனா அவர் தடுத்தாரா? இல்லை. எனக்கும் அதுதான் வசதியா இருந்தது.

ஜனவரியில் பையனோட அப்ரைசல் படிவம் என் கருத்துக்காக வந்தது. "நவம்பர் ப்ரொடக்ஷன் பிரச்சினை"ன்னு ஒரு வரி. அதைப் பார்த்த பிறகுதான் அந்தப் பழைய மெயிலைத் தேடி எடுத்து, அதே 22 பேருக்கும் பதில் போட்டேன். "காரணம் அவர் செய்த மாற்றம் இல்லை. நேரத்தைப் பார்க்கணும்னு முதல் ராத்திரியே சொன்னவர் அவர். பார்க்காதது நான்." ரெண்டு பேர் பதில் எழுதினாங்க. அவன் ரேட்டிங் மாறலை, பட்டியல் மேலே போயிடுச்சுன்னாங்க. ஆறு மாசத்தில் வேற கம்பெனிக்குப் போயிட்டான். என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனான்.

இன்னைக்கு எல்லாம் கிளவுடுக்குப் போயாச்சு. வியாதி போகலை, இன்னும் சீக்கிரம் வருது. ஏ.டபிள்யூ.எஸ். நேட் கேட்வே சும்மா இருக்கிற கனெக்ஷனை 350 விநாடியில் மறந்துடும். அஷூர் லோட் பேலன்சரின் இயல்பு 4 நிமிஷம். ஒரு மணி நேரம் பொறுத்த ஃபயர்வால் எவ்வளவோ தேவலை.

புதுசா டீமுக்கு வர்றவங்களுக்கு இப்ப ஒரு தாள் கொடுக்கறேன். ராத்திரி ஜாப் செத்தா, கால் போடறதுக்கு முன்னாடி நிரப்ப வேண்டிய தாள். நாலு கட்டம்: எப்ப ஆரம்பிச்சது, கடைசியா எப்ப வரி நகர்ந்தது, எப்ப செத்தது, இதனால யாருக்கு என்ன லேட்டாகுது. கடைசிக் கட்டத்தில் இருக்கிறவங்களுக்குத்தான் முதல்ல தகவல் போகணும்.

யார் பண்ணினதுன்னு எழுத அந்தத் தாளில் கட்டம் கிடையாது.