ஆடலும் மானமும்

"கூத்தாடி" என்னும் சொல்லை வசைமொழியாகவே கேட்டு வளர்ந்தவர் நாம். தோட்டத்துத் திருவிழாவில் தப்பு முழங்க, முதியவர் ஒருவர் தம்மை மறந்து ஆடுவார். பட்டணத்துப் பள்ளியில் நாலெழுத்துப் படித்துவிட்டு வந்த நாமோ, உடன் வந்த நண்பர் எதிரில், அவரை அறியாதவர்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். அவர் நம் பாட்டனார். அந்த வெட்கம் எத்தகையது என்பதைப் பிற்காலத்தில் நமக்கு உணர்த்தியது, கடல் கடந்த நாட்டுப் பெண்மணி ஒருவரின் வரலாறு.

காதரின் டன்ஹம் அம்மையார் 1909-ஆம் ஆண்டு அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் பிறந்தார். தந்தை அடிமைகளின் வழிவந்தவர். துணி வெளுக்கும் கடை நடத்தியவர். தாயைக் குழந்தைப் பருவத்திலேயே இழந்த அம்மையார், சிகாகோ பல்கலைக்கழகத்தில் மானிடவியல் பயின்றார். ஆட்டத்தில் ஆசை கொண்டவருக்கு மானிடவியல் எதற்கு? விலங்கிட்டுக் கப்பலேற்றப்பட்ட அவர்தம் முன்னோர் உடைமை எதுவும் கொண்டுவந்தாரல்லர். உடலில் ஊறிய ஆட்டத்தை மட்டுமே கொண்டுவந்தனர். அஃது எங்கெங்கே உயிர் பிழைத்திருக்கிறது என்று தேடுதற்கு அக்கல்வியே வழி காட்டிற்று.

1935-இல் உதவிநிதி பெற்று ஜமெய்க்கா, மார்ட்டினிக், டிரினிடாட், ஹெய்த்தி ஆகிய தீவுகளுக்குச் சென்றார். ஏட்டை ஏந்தி ஓரமாய் நின்று பார்த்தவரல்லர். ஹெய்த்தியின் குடியானவரோடு தாமும் ஆடிக் கற்றார். முழங்கால் மடங்க, முதுகெலும்பு அலைபோல் நெளிந்தெழ, ஒரு தாளத்துக்குத் தோளும் மற்றொரு தாளத்துக்கு இடையும் அசையும் ஆட்டங்கள் அவை. நாகரிகர் எனப்பட்டோர் காட்டாட்டம் என்று ஒதுக்கியதனை, ஐரோப்பியப் பாலே நடனப் பயிற்சியோடு இணைத்து, இலக்கணமுடைய ஒரு முறையாக வகுத்தார். டன்ஹம் முறை என்னும் பெயரால் அது இன்றும் கற்பிக்கப்படுகிறது. மார்ட்டினிக் தீவின் சண்டையாட்டத்தைக் கொண்டு அவர் அமைத்த "லாக்யா" என்னும் நாட்டிய நாடகம் 1938-இல் சிகாகோவில் மேடையேறியது. பின்னர் அவர் குழு பல நாடுகளிலும் ஆடிப் புகழ் பெற்றது.

கைதட்டல் பெற்ற கலைஞர் பலர். அந்த ஒலியின் நடுவே மானத்தை மறவாதவர் எத்துணைப் பேர்? 1944-இல் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் ஆட்டம் முடிந்ததும் அம்மையார் சபையோரை நோக்கிப் பேசினார். நிறம் பார்த்து இருக்கை பிரிக்கும் இவ்வரங்கில், எம்மைப் போன்றவர் உங்கள் அருகே அமரும் நாள் வரும்வரை, மீண்டும் ஆடமாட்டேன் என்பதே அப்பேச்சின் கருத்து. 1950-இல் பிரேசிலின் சாவோ பாவுலோ நகரில் ஒரு விடுதி அவருக்கு இடம் மறுத்தது. அவர் வாய்மூடி இருந்துவிடாமல் அதை ஊரறியச் செய்தார். நாடெங்கும் கண்டனம் எழுந்தது. மறு ஆண்டே நிறவேற்றுமை பாராட்டுவோரைத் தண்டிக்கும் சட்டம் அந்நாட்டில் நிறைவேறிற்று. அதே 1951-இல் சிலி நாட்டுச் சாந்தியாகோ நகரில், கறுப்பரைக் கும்பல் கூடித் தூக்கிலிடும் கொடுமையைச் "சவுத்லண்ட்" என்னும் நாட்டியமாக்கி ஆடிக்காட்டினார். அமெரிக்க அதிகாரிகள் முகம் சுளித்தனர். அரசின் ஆதரவு அவர் குழுவுக்குக் கிட்டவில்லை. அதற்காக அவர் வளைந்து கொடுத்தாரல்லர்.

1967-இல் ஈஸ்ட் செயின்ட் லூயிஸ் என்னும் வறுமை மிக்க நகரில் பிள்ளைகளுக்குக் கலைப்பயிற்சி நிலையம் அமைத்தார். 1992-இல், தமது 82-ஆம் வயதில், படகேறி வந்த ஹெய்த்தி அகதிகளை அமெரிக்கா திருப்பி அனுப்பியதைக் கண்டித்து 47 நாள் உண்ணாநோன்பு இருந்தார். இளமையில் தமக்கு ஆடக் கற்பித்த மக்களுக்கு முதுமையிலும் கடன் தீர்த்தார். 2006-இல் தமது 96-ஆம் வயதில் மறைந்தார்.

நம் பாட்டனார் அதற்கு நெடுநாள் முன்னரே போய்விட்டார். அவர் ஆடிய ஆட்டத்தின் பெயரைக்கூட நாம் கேட்டு வைக்கவில்லை. அம்மையார் கடல் கடந்து தேடிய செல்வம், நம் லயத்து வாசலிலேயே ஆடிக்கொண்டிருந்தது. நாம்தாம் முகத்தைத் திருப்பிக்கொண்டோம்!

அன்பர்களே! ஆடத் தெரிந்த முதியவர் எவரேனும் உங்கள் வீட்டில் இருப்பின், இன்றே அருகமர்ந்து கேளுங்கள். "கூத்தாடி வீட்டுப் பிள்ளை" என்று எவரேனும் பழித்தால், ஆம் என்று தலை நிமிர்ந்து சொல்லுங்கள். நாம் சொல்லத் தவறிய சொல் அது.