அல்லி ராஜ்யமும் அடுக்களை நகையும்

மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையையே முதற்கண் வைத்தார் தொல்காப்பியர். அந்நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என வகுத்து, அவற்றுள்ளும் எள்ளலுக்கே முதலிடம் தந்தார். தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று; பிறர் தன்னை எள்ளியவழித் தானும் நகுவது மற்றொன்று என எள்ளலை இருவகைப்படுத்துவர் உரையாசிரியர். இவ்விரண்டாம் வகை நகையின் அருமையை யாம் வகுப்பறையில் உணர்ந்தோமல்லோம். தூர்தர்ஷன் தொடரொன்றையும் எம் அத்தாவையும் ஒருசேரக் கண்ட நாள்களில் உணர்ந்தோம்.

1994-ஆம் ஆண்டு தொடங்கிய ‘ஸ்ரீமான் ஸ்ரீமதி’ என்னும் இந்தி நகைச்சுவைத் தொடரை நடுத்தர வயதினர் பலர் மறந்திரார். அண்டை வீட்டினராகிய இரண்டு தம்பதியரின் கதை அது. ஒரு வீட்டில் கேசவ் குல்கர்னியும் அவர் மனைவி கோகிலாவும் வாழ்வர். ஜதின் கனகியாவும் ரீமா லாகுவும் அவ்வேடங்களை ஏற்றனர். மறுவீட்டில் மனைவி பிரேமா ஷாலினி திரைப்பட நடிகை. அவள் பொருளீட்ட, கணவன் தில்ருபா வீட்டைப் பேணுவான். அர்ச்சனா பூரண் சிங்கும் ராகேஷ் பேடியும் அவ்விணையராக நடித்தனர். அடுத்த வீட்டு வாழ்வே இனிதென ஆண்கள் இருவரும் மயங்குவதே கதையின் முடிச்சு. ஆயினும் எம் நெஞ்சில் நின்றவன், மனைவி வெளியே உழைக்கத் தான் இல்லத்தைக் கட்டிக்காத்த அந்தத் தில்ருபாவே.

மேற்குத் தொடர்ச்சி மலையடியில் அமைந்த தேவாரத்தில் எம் தெருவில் இந்தி அறிந்தார் எவருமிலர். ஆயினும் என்ன? அடுக்களையில் ஆண்மகன் நின்றால் அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டுமோ! கறுப்பு வெள்ளைப் பெட்டியின் முன் பாய் விரித்து அமர்ந்த பெண்டிரெல்லாம் முந்தானையால் வாய்பொத்திச் சிரித்தனர்.

மறு ஆண்டு அந்நகை எம் வீட்டுக்கே வந்தது. சந்தைதோறும் துணி விற்றுவந்த எம் அத்தா ஒரு விபத்தில் கால் முறிந்து படுக்கையானார். கைம்முதல் மருத்துவத்திற்கே கரைந்தது. போடிநாயக்கனூரில் ஏலக்காய்க் கிட்டங்கி ஒன்றில் காய் தரம் பிரிக்கும் வேலைக்கு எம் அம்மா செல்லலானார். விடியற்காலைப் பேருந்தில் புறப்பட்டால் விளக்கு வைக்கும் நேரத்திற்குத்தான் திரும்புவார். ஜீப்புகளில் நெருங்கி அமர்ந்து கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குச் சென்று மீளும் மகளிரை எம் பக்கத்து ஊர்கள் நெடுங்காலமாகவே அறியும். அவர்தம் கூலியில் எத்தனையோ அடுப்புகள் எரிந்தன. எனினும் அதனை எவரும் பெண்ணாட்சி எனப் பெயரிட்டு அழைத்ததில்லை.

வீட்டுவேலைக்கு யார் என்ற வினா எழுந்தது. உறவில் மூத்தோர் சிலர் எம்மைச் சுட்டினர். மூத்த பெண், ஒன்பதாம் வகுப்பு. படித்தது போதும், அடுப்பைப் பார்க்கட்டும் என்றனர். அம்மா பேசவில்லை. கோலூன்றி நடக்கத் தொடங்கியிருந்த அத்தாதான், “அவ பள்ளிக்கூடம் போகட்டும். ஆக்குறது நான் ஆக்கிக்கிறேன்” என்றார்.

அன்றுமுதல் முக்காலியில் அமர்ந்து வெங்காயம் உரிப்பதும், உலை வைப்பதும், தம்பிக்குத் தலைவாருவதும் அத்தாவின் பணிகளாயின. வாசலில் போவோர், “என்ன ராவுத்தரே, வீட்டுல அல்லி ராஜ்யமா?” எனக் கேட்டு நகுவர். அத்தாவும் உடன் நகுவார். “ராஜ்யம் யாருதா இருந்தா என்ன, சோறு நேரத்துக்கு வெந்தாச் சரி” என்பார். பெருமானார் (ஸல்) அவர்கள் தம் காலணியைத் தாமே தைத்ததையும், இல்லப் பணிகளில் குடும்பத்தாருக்கு உதவியதையும் அவர் நன்கறிவார். ஆயினும் அதனை எடுத்துக்காட்டி வாதாடியதில்லை; அடுப்பை ஊதினார், அவ்வளவே. அகப்பையை அவர் எடுத்ததனால் புத்தகம் எம் கையில் தங்கிற்று.

‘அல்லி ராஜ்யம்’ என்னும் வழக்கின் ஆழத்தைப் பின்னாளில் சிந்தித்தோம். மதுரையை ஆண்ட அல்லியின் கதையைப் பாடும் ‘அல்லி அரசாணி மாலை’ புகழேந்திப் புலவர் பெயரால் வழங்குவது. ஆடவரை மதியாத அரசியின் கழுத்தில், பாம்பு வடிவில் வந்த அர்ச்சுனன் அவள் உறங்கும்போது தாலி கட்டிவிடுகிறான். வீரத்தால் வெல்லாது வஞ்சத்தால் வென்ற அவனை விடுத்து, அவள் பெயரையன்றோ நாம் கேலிச்சொல் ஆக்கினோம்!

பிறநாட்டாரும் இந்நகையை அறிவர். 1977-இல் அமெரிக்காவில் நார்மன் லியர் அளித்த ‘ஆல் தட் கிளிட்டர்ஸ்’ என்னும் தொடரில் பெண்கள் நிறுவனத்தை நடத்த, ஆண்கள் செயலாளராய்ப் பணிந்து நிற்பர். 1980-இல் பிபிசியின் ‘டூ ரானீஸ்’ நிகழ்ச்சியில் வந்த ‘தி வேர்ம் தட் டர்ன்டு’ என்னும் தொடர்கதை, 2012-இல் பெண்கள் ஆள ஆண்கள் பாவாடை அணிந்து வாழ்வதாகப் புனைந்தது. முன்னது நடப்பிலுள்ள ஏற்றத்தாழ்வைத் தலைகீழாக்கி அதன் கோணலைக் காட்டிற்று. பின்னதோ, பெண் கைக்கு ஆட்சி வந்துவிட்டால் என்னாகும் என்ற அச்சத்தைச் சிரிப்பாக்கிற்று. தலைகீழ்க் கதைகளையெல்லாம் ஒரே தட்டில் வைத்து நிறுத்தலாகாது.

இவ்வனைத்திற்கும் முன்னோடியான படைப்பு, அயல்நாட்டதன்று. சென்னையில் அச்சேறியது என்பது நமக்குப் பெருமை தருவதாகும். கமலா சத்தியநாதன் நடத்திய ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ இதழில் 1905-இல் வெளிவந்த ‘சுல்தானாவின் கனவு’ அது. எழுதியவர், இன்றைய வங்கதேசத்தின் ரங்பூர்ப் பகுதியில் 1880-இல் பிறந்த இசுலாமியப் பெண்மணி ரொக்கையா சக்காவத் உசேன். அக்கனவு நாட்டில் ஆண்கள் திரைக்குள் இருப்பர்; பெண்கள் கதிரவன் வெப்பத்தால் சமைப்பர், வான ஊர்தியில் பறப்பர். அலுவலகப் பணியை இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுவர். ஆண்களுக்கு மட்டும் ஏன் நாளெல்லாம் தேவைப்பட்டது? சுருட்டு ஒன்றுக்கு அரைமணி, நாளொன்றுக்குப் பன்னிரண்டு சுருட்டு எனில் ஆறு மணி புகையிலேயே போயிற்றே எனக் கணக்கிட்டுக் காட்டுவார் ரொக்கையா! சிரிக்க வைத்ததோடு அவர் அமையவில்லை. 1911-இல் கொல்கத்தாவில் பெண்பள்ளி நிறுவி, 1932-இல் மறையும்வரை அதனைப் பேணினார்.

நகைக்கப்படும் பொருளைவிட, நாம் நகைக்கும் காரணமே ஆராயத்தக்கது. பெண் பாத்திரம் துலக்கினால் அது வழக்கம். ஆண் துலக்கினால் அது வேடிக்கை. செயல் ஒன்றே, செய்பவர் மாற நகை பிறக்கிறது. எனவே அந்நகை தில்ருபாவைப் பற்றியதன்று, நம்மைப் பற்றியது. அடுக்களையில் நிற்கும் ஆணைக் கண்டு சிரிப்பு வராத நாள், அத்தொடரின் அந்த நகைச்சுவை பொருளிழந்து போகும். அதனினும் பெரிய வெற்றி எள்ளல் இலக்கியத்திற்கு வேறில்லை.

மாணவச் செல்வங்களே! நகைச்சுவையைத் துய்க்குங்கால் யார் சிரிக்கிறார், யாரை நோக்கிச் சிரிக்கிறார் என வினவிப் பழகுங்கள். தில்ருபாவைப் பார்த்து எம் அம்மா ஒருமுறைகூடச் சிரித்ததில்லை. காரணம் கேட்டபோது, “பாவம், அவருக்கும் கை வலிக்கும்ல” என்றார். நாள்தோறும் அவ்வேலையைச் செய்த கைகளுக்கே அவ்வலி தெரியும்.