உருளையில் கிடந்த நூல்

கடலோரத்தில் பிறந்தவனுக்குத் தூண்டில் தெரியாதிருக்குமா என்று எவரேனும் கேட்டால், நான் தலைகுனியத்தான் வேண்டும். முத்துக்குளித்துறைக் கடற்கரையில் ஒரு சிற்றூர் என் ஊர். என் தந்தையார் கட்டுமரத்தில் சென்று கைத்தூண்டிலால் பாறையும் விளமீனும் பிடித்து வந்தவர். தங்கூசி அறுத்த தழும்பு அவருடைய ஆட்காட்டி விரலில் கடைசிவரை இருந்தது. நானோ 14 வயதில் சிறு குருமடம் புகுந்தவன். விடுமுறையில் வந்தாலும், "படிக்கிற பிள்ளைக்குக் கடல் எதற்கு?" என்று கரையிலேயே விட்டுச் செல்வார். குருப்பட்டம் பெற்றபின் அவரே என்னைச் "சாமி" என்று அழைக்கத் தொடங்கிவிட்டார். அதன்பின் மகனாக அருகே அமர்ந்து அவரிடம் எதைக் கேட்டுக் கற்பது?

2014 முதல் 2017 வரை, ஆயரின் இசைவோடு, அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்தில் ஒரு சிறு பங்கில் பணியாற்றினேன். நான் மீனவர் மகன் என்று கேள்விப்பட்ட முதியவர் ஒருவர் ஒருநாள் துணிப்பையுடன் பங்கு இல்லத்துக்கு வந்தார். புகையிலை பயிரிட்டு ஓய்ந்தவர், மனைவியை இழந்தவர். பைக்குள் சிவப்பு நிறத்தில் ஒரு ரீல் இருந்தது. சுவீடன் நாட்டில் செய்த அம்பாசடர் 5000.

"என் மகனுடையது, ஃபாதர். அவன் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. தனியே ஓடைக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் வருகிறீர்களா?"

எனக்குத் தெரியாது என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல இயலவில்லை. வருகிறேன் என்றேன். பங்கு இல்லத்தின் பின்னேயிருந்த புல்வெளியில் முதற்பாடம் தொடங்கிய பத்து நிமிடத்துக்குள் உண்மை தானே வெளிப்பட்டுவிட்டது. அவர் சிரித்தார், அவ்வளவுதான்.

இந்த ரீலின் இயல்பைச் சற்று விளக்க வேண்டும். எளிய வகை ரீல்களில் நூல் சுற்றிய உருளை அசையாது நிற்கும். வீசும்போது நூல் மட்டும் வளையம் வளையமாகக் கழன்று செல்லும். இதிலோ உருளையே சுழல்கிறது. வீசிய போலி இரை காற்றில் வேகம் குறையும்போதும் உருளை தன் வேகத்தில் சுற்றிக்கொண்டேயிருந்தால், வெளியேற வழியில்லாத நூல் உருளைமேலேயே குவிந்து சிக்கலாகிவிடும். பறவைக்கூடு என்று அதற்கு அங்கே பெயர்.

அதைத் தடுக்க மூன்று காவல்கள் உண்டு. பக்கத்தில் உள்ள சிறு திருகு முதலாவது. சுமார் 15 கிராம் எடையுள்ள இரையைத் தொங்கவிட்டுப் பொத்தானை அழுத்தினால், அது மெதுவாக இறங்க வேண்டும். தரையைத் தொட்டவுடன் உருளை நின்றுவிட வேண்டும். அந்த அளவுக்குத் திருகை முறுக்கிக்கொள்வது. உள்ளே சுழலும் வேகத்தால் வெளிப்புறம் தள்ளப்பட்டு உராயும் சிறு கட்டைகள் இரண்டாவது. இவ்விரண்டும் பாதிக் காவல்தான். மீதி முழுவதும் வீசுகிறவனுடைய பெருவிரல். உருளையின்மேல் அது பட்டும் படாமலும் இருக்க வேண்டும். இரை நீரைத் தொடும் கணத்தில் அழுத்தி நிறுத்த வேண்டும். அழுத்தினால் இரை காலடியில் விழும். விட்டுவிட்டால் பறவைக்கூடு. முப்பது ஆண்டுகளாகப் பங்கு நிர்வாகம் செய்து பழகிய என் கைக்கு அழுத்துவதுதான் எளிதாக வந்தது.

இக்கருவிக்கும் அம்மண்ணுக்கும் பழைய உறவு உண்டு. அம்மாநிலத்தின் பாரிஸ் என்னும் ஊரில், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரத் தொழிலாளர் இத்தகைய ரீல்களைச் செய்தார். கைப்பிடி ஒருமுறை சுற்றினால் உருளை பலமுறை சுற்றும்படி பற்சக்கரம் அமைத்தவர் அவர். சுவீடனின் அந்த நிறுவனமும் 1921-இல் கடிகாரத் தொழிற்சாலையாகத் தொடங்கியதே. (நற்செய்தி நூல்களில் வலைகள் பல, தூண்டிலோ மத்தேயு 17-ஆம் அதிகாரத்தில் ஒரே ஒருமுறை வருகிறது. ரீலுக்கு அங்கே இடமில்லை!)

இரண்டாம் வாரம். எதிர்க்காற்றில் துணிந்து வீசினேன். விரல் தானாக உயர்ந்துவிட்டது. உருளைமேல் நூல் பஞ்சுப்பொதிபோல் எழுந்தது. பொறுமையிழந்து, "பழைய நூல்தானே" என்று சொல்லிக் கத்தியை எடுத்தேன். முதியவர் என் மணிக்கட்டைப் பற்றினார்.

"வேண்டாம் ஃபாதர். அது அவன் சுற்றியது."

ஆண்டுகள் கடந்த தங்கூசி சுருளாகவே விறைத்து வலுவிழந்துவிடும்; மாற்றியாக வேண்டும். இது அவருக்குத் தெரியும். முதல்நாளே கேட்டபோது, "பிறகு பார்ப்போம்" என்றதன் பொருள் எனக்குத்தான் விளங்கவில்லை. துயருற்றோருக்கு ஆறுதல் கூறுவது பற்றிக் குருமடத்தில் இரண்டு பருவங்கள் படித்தவன் நான்.

புல்லில் அமர்ந்தோம். ஒரு கொண்டை ஊசியால் ஒவ்வொரு கண்ணியாக இழுத்து அவிழ்க்க ஒன்றேகால் மணிநேரம் ஆயிற்று. அவர் தம் மகனைப் பற்றிப் பேசினார், நான் குறுக்கிடவில்லை. சிக்கல் தீர்ந்ததும், "இப்போது கழற்றிவிடலாம்" என்றார் அவராகவே. கழற்றிய நூலை எதில் வைப்பது என்று திகைத்தார். அப்போதுதான் என் தந்தையாரிடம் கண்டது நினைவுக்கு வந்தது. ஒரு மரத்துண்டின் இரு முனைகளிலும் வெட்டுக்கொடுத்து, எட்டு என்னும் எண்ணைப்போல் மாற்றி மாற்றிச் சுற்றினேன். நூல் முறுக்கேறாமல் அடங்கியது.

"இதை யார் கற்றுக்கொடுத்தது?" என்றார்.

"அப்பா" என்றேன். யாரும் கற்றுத்தரவில்லை, கரையிலிருந்து பார்த்தது மட்டுமே.

புதிய நூலை உருளையின் விளிம்புக்கு மூன்று மில்லிமீட்டர் கீழே நிற்கும்படி சுற்றினோம். அடுத்த சனிக்கிழமை விடியலில், எனக்கும் உரிமச்சீட்டு வாங்கிக்கொண்டு, எல்க்ஹார்ன் ஓடைக்குச் சென்றோம். ஸ்மால்மவுத் பாஸ் என்னும் மீனுக்குப் பெயர்பெற்ற ஓடை அது. பிடித்த மீனை நீரிலேயே விட்டுவிடுவார்களாம். என் தந்தையார் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

முதலில் அவர் வீசினார். இரை அக்கரைப் பாறையின் நிழலில் ஓசையின்றி இறங்கியது. பிறகு கோலை என்னிடம் நீட்டினார். மரத்துண்டு அவருடைய சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்தது. என் இரை ஓடையின் பாதிவரை சென்றது, நூல் சிக்கவில்லை. மீனும் கடிக்கவில்லை. எட்டரை மணித் திருப்பலிக்கு நேரமாகிவிட்டதால் புறப்பட்டோம்.