முழங்கை உயரத்தில் ஒரு தோட்டம்

புதுக்கோட்டையிலிருந்து குடுமியான்மலைக்கு சுமார் 20 கிலோமீட்டர். பஸ்ஸை விட்டு இறங்கியதும் சிகாநாதசாமி கோயிலும் குன்றும் கண்ணில் பட்டன. இசைக் கல்வெட்டைப் பார்க்க வந்தவர்கள் அந்தப் பக்கம் திரும்பினார்கள். நான் ஊருக்குள் நடந்தேன். பக்கவாதத்தில் வலது கை விழுந்துபோன ஒரு பெரியவர், செடி வளர்த்தே கையை மீட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

வாசலிலேயே தோட்டம். ஹாலோ பிளாக்கை இரண்டடுக்காக வைத்து, மேலே சிமென்ட் தொட்டிகள். நாற்காலியில் உட்கார்ந்தால் மண் முழங்கை உயரத்துக்கு வருகிறது. குனிய வேண்டாம், விழுகிற பயமும் இல்லை. கல் 40 ரூபாய், தொட்டி 150, கத்தரி நாற்று 2 ரூபாய் என்று மகள் கணக்குச் சொன்னார். களைக்கொத்தியின் பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றித் தடிமனாக்கியிருந்தார்கள். இறுகப் பிடிக்க முடியாத கைக்கு மெல்லிய பிடி நிற்காது.

"அப்பாவுக்குக் கை முழுசா சரியாயிடுச்சு" என்றார் மகள்.

நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கியே இருந்தன. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஓர் அவரை விதையை எடுத்தன, நழுவியது. மறுபடி எடுத்தார், நழுவியது. அடுத்த தடவை குழிக்குள் விழுந்தது. கீரை விதையை இடது கையால்தான் தூவினார். "பொடி விதை இன்னும் புடிபடல தம்பி."

முழுசாகச் சரியாகவில்லை. ஆனாலும் நான் பார்த்தது சின்ன விஷயமில்லை. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும்போதுதான் பாதிக்கப்படாத மூளைப் பகுதிகள் அந்த வேலையைப் பழகுகின்றன. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து பயிற்சி சொல்லித்தருகிறார். பந்தை அமுக்கச் சொன்னால் சலித்துக்கொள்கிற பெரியவர், செடியிடம் வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருக்கிறார்.

கட்டிலையும் ஜன்னலோரம் நகர்த்தியிருந்தார்கள். படுத்தபடியே கத்தரிப்பூ தெரிகிறது. 1984-இல் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்திருந்த அறுவை சிகிச்சை நோயாளிகள், செங்கல் சுவரைப் பார்த்திருந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், இரண்டு தொட்டியோடு தொடங்குங்கள். முதலில் அவரையோ பீர்க்கனோ, பெரிய விதையாகக் கொடுங்கள். மாத்திரையையும் பயிற்சியையும் நிறுத்த வேண்டாம். சர்க்கரை நோயால் கை மரத்துப்போனவர்கள் கையுறை இல்லாமல் மண்ணைத் தொடக் கூடாது.