குதிரையில் ரங்கனதிட்டு

மைசூரில் குதிரைக்குப் பஞ்சமில்லை. சாமுண்டி மலையடிவாரத்தில் ரேஸ் கோர்ஸ், தசரா ஊர்வலத்தில் மிடுக்காக வரும் போலீஸ் குதிரைப் படை, அரண்மனைப் பக்கம் சுற்றுலாப் பயணிகளுக்காகக் காத்திருக்கும் டாங்கா வண்டிகள். 1918 செப்டம்பர் 23 அன்று பாலஸ்தீனத்தின் ஹைஃபா நகரைப் பிடித்த படைகளில் மைசூர் லான்சர்ஸும் ஒன்று. சவாரி கற்றுத்தரும் பள்ளிகளும் ஊரில் உண்டு. எனவே நாலு நண்பர்கள் சேர்ந்தால், குதிரையிலேயே ரங்கனதிட்டு போய், காவிரிக் கரையில் கூடாரம் அடித்து, விடியற்காலையில் பறவை பார்க்கலாமே என்று ஆசை வருவது சகஜம். ஆசையில் தப்பில்லை. ஒரே ஒரு திருத்தம் வேண்டும்: கூடாரமும் குதிரையும் சரணாலயத்துக்கு வெளியே இருக்க வேண்டும்.

ரங்கனதிட்டு மைசூரிலிருந்து சுமார் 16 கி.மீ. 17ஆம் நூற்றாண்டில் கண்டீரவ நரசராஜ உடையார் காலத்தில் காவிரியின் குறுக்கே கட்டிய தடுப்பணையால் உருவான தீவுத் திட்டுகள் இவை. மைசூர் சமஸ்தானத்துப் பறவைகளைக் கணக்கெடுக்க வந்த சாலிம் அலியின் யோசனையை ஏற்று 1940இல் மகாராஜா அரசு இதைச் சரணாலயம் ஆக்கியது. 2022இல் 517.7 ஹெக்டேர் பரப்புக்கு ராம்சார் அந்தஸ்து கிடைத்தது. சங்குவளை நாரை, கரண்டிவாயன், நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா எல்லாம் கூடு கட்டும் இடம். அடியில் பாறை மேல் முதலை வெயில் காயும். மேலே மரத்தில் குஞ்சு கத்தும்.

இத்தனை நெருக்கமாக உயிர்கள் வாழும் இடத்தில் ராத்திரி தங்க அனுமதி கிடையாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் நெருப்பு மூட்டக் கூடாது. கால்நடை நடமாட்டத்தைத் தடுக்கவும் வனத்துறைக்கு அதிகாரம் உண்டு. சட்டத்தின் கணக்கில் குதிரையும் கால்நடைதான். இங்கே ஒரு வேடிக்கை. தேசியப் பூங்காக்களுக்கான பிரிவில், உள்ளே செல்ல அனுமதி பெற்றவர் வாகனமாகப் பயன்படுத்தும் கால்நடைக்கு மட்டும் விலக்கு அளித்திருக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு நாகரஹொளே வாசலில் குதிரையோடு போய் நின்று வாதாட வேண்டாம். அனுமதி இல்லாதவருக்கு அந்த விலக்கு உதவாது.

குதிரை என்ன, புலியா என்று கேட்கலாம். பதில் நம் கோடியக்கரையில் இருக்கிறது. எப்போதோ மனிதர்கள் விட்டுப்போன குதிரைகளின் வாரிசுகள் அங்கே காட்டில் பெருகித் திரிகின்றன. வெளிமான் மேய வேண்டிய புல்லை அவையும் மேய்கின்றன. சீமைக்கருவேலங்காயைத் தின்கிற கால்நடை, சாணத்தின் வழியே விதையைப் போகிற இடமெல்லாம் போட்டுக்கொண்டே போகும். நோய் இன்னொரு பிரச்னை. தண்ணீர்ப் பாங்கான இடங்களில் குதிரை ஈக்கள் அதிகம். குதிரையைக் கொல்லக்கூடிய சர்ரா காய்ச்சல் அவற்றின் கடியில் பரவுகிறது. சரணாலயத்துக்கு 5 கி.மீ. சுற்றளவில் உள்ள கால்நடைகளுக்குத் தடுப்பூசி போட நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று நம் சட்டமே சொல்கிறது. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலப் பூங்காக்கள் சிலவற்றில் குதிரையோடு முகாமிட இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் தொற்று ரத்தசோகை இல்லை என்ற சோதனைச் சான்றிதழைக் காட்டாமல் குதிரை உள்ளே போக முடியாது. நாமும் கிளம்புமுன் கால்நடை மருத்துவரிடம் காட்டிச் சான்றிதழ் வாங்கிக்கொள்வது நல்லது.

சரி, எப்படிப் போவது? பெங்களூர்-மைசூர் விரைவுச் சாலையை மறந்துவிடுங்கள். 2023 ஆகஸ்ட் 1 முதல் அதன் பிரதான பாதையில் பைக்குக்கும் ஆட்டோவுக்குமே தடை. மோட்டார் இல்லாத வண்டிகளுக்கும் இடமில்லை. ரங்கனதிட்டின் வாசல் காவிரியின் தென்கரையில், மைசூர் பக்கமே இருப்பதால் ஆற்றைக் கடக்கும் சிரமம் இல்லை. கே.ஆர்.எஸ். சாலைப் பக்கமாக கிராமத்து வழிகளில் நடையும் ஓட்டமுமாகப் போனால், வழியில் இளைப்பாறினாலும் அரை நாளில் பாலஹள்ளிப் பகுதியை எட்டிவிடலாம். விரிஜா போன்ற பழைய கால்வாய்கள் பாயும் நெல்லும் கரும்புமான பூமி. கால்வாய்க் கரையில் போகுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். கரும்பு வயலில் குதிரை வாய் வைத்தால் நஷ்டஈட்டை அங்கேயே கொடுத்துவிடுவதுதான் மரியாதை.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை குதிரைக்கும் சுகம், மனிதருக்கும் சுகம். டிசம்பருக்குப் பிறகு போனால் கூடுகளையும் பார்க்கலாம். ஜூலை, ஆகஸ்டில் கே.ஆர்.எஸ். அணை 124.80 அடியைத் தொட்டு மதகு திறந்தால் திட்டுகள் முழுகும், படகுகளும் நின்றுவிடும்.

முகாமுக்கு ஆற்றங்கரை வேண்டாம். ஊரை ஒட்டிய தோப்பையோ அறுவடை முடிந்த வயலையோ சொந்தக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். போலீஸ் ஸ்டேஷனிலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஒரு குதிரை நாளுக்கு 30, 40 லிட்டர் தண்ணீர் குடிக்கும். அதற்காக அந்தி நேரத்தில் காவிரியில் இறக்கினீர்களோ, சரணாலய எல்லை எதுவென்று முதலைக்குத் தெரியாது. போர்வெல் தண்ணீரை வாளியில் பிடித்துக் கொடுப்பதே உத்தமம். தீவனத்தைக் கையோடு கொண்டுபோக வேண்டும். பழகாத பச்சைத் தழையைத் திடீரென்று தின்றால் குதிரைக்கு வயிற்றுவலி வரும். அது சாதாரண வலி இல்லை, உயிரையே வாங்கிவிடும். கொள்ளு தீர்ந்தால் கவலை வேண்டாம், கன்னடத்தில் 'ஹுருளி' என்று கேட்டால் எந்தப் பெட்டிக்கடையிலும் புரிந்துகொள்வார்கள்.

ராத்திரிதான் கஷ்டம். இந்தப் பக்கத்தில் சிறுத்தை என்பது பூச்சாண்டிக் கதை இல்லை. 2022 நவம்பரில் பிருந்தாவன் தோட்டத்தையே சிறுத்தைக்காக மூடினார்கள். 2024 டிசம்பர் 31 அன்று மைசூர் இன்ஃபோசிஸ் வளாகத்துக்குள்ளேயே ஒன்று நுழைந்துவிட்டது. குதிரைகளை ஒரே கயிற்று வரிசையில், கூடாரங்களுக்குப் பக்கத்திலேயே கட்டி, விளக்கு எரியவிட்டு, முறை வைத்து ஒருவர் விழித்திருக்க வேண்டும். காலையில் சாணத்தை அள்ளித் தோட்டக்காரருக்கு எருவாகக் கொடுத்துவிடுங்கள். அடுத்த முறையும் இடம் கிடைக்கும்.

காலையில் டிக்கெட் வாங்கி, துடுப்புப் படகில் ஏறித் திட்டுகளைச் சுற்றலாம். படகுக்காரர் முதலைக்குச் சில அடி பக்கத்தில் துடுப்பை நிறுத்துவார். கேமராவைத் தவிர எதையும் வெளியே நீட்டாதீர்கள். குதிரைகளைத் தனியே விட முடியாது என்பதால் நாலு பேர் போனால் இரண்டு பேர் இன்று, இரண்டு பேர் நாளை. ஆகவே இரண்டு ராத்திரிக்குத் திட்டமிடுங்கள்.

காவலுக்கு நிற்பவர்களுக்கு ஏமாற்றம் என்று நினைக்க வேண்டாம். திட்டுகள் பறவைகளுக்குக் கூடு கட்டவும் அடையவும்தான். இரை தேட அவை வெளியே, சுற்றியுள்ள ஏரிக்கும் நெல்வயலுக்கும்தான் வருகின்றன. நடந்து வரும் மனிதனைக் கண்டு எழும்பும் நாரை, மெதுவாக வரும் குதிரையை அவ்வளவாகச் சட்டை செய்வதில்லை என்பது சவாரிக்காரர்களின் அனுபவம். வெயில் ஏறுமுன் ஒரு குதிரையில் ஏறி வரப்போரமாக நிதானமாகப் போய்ப் பாருங்கள். சேற்றில் நத்தைகுத்தி நாரை அலகை விட்டுத் துழாவிக்கொண்டிருக்கும். குளம்படியில் கிளம்பும் பூச்சிக்காக உண்ணிக்கொக்குகள் பின்னாலேயே வரும்.