அலை கேட்கும் கூடுதல் விலை

நோட்டன் பிரிட்ஜில் தண்ணீர்ப் பேச்சு இல்லாமல் ஒரு நாள் போகாது. கெசல்கமு ஓயாவை மறித்த அணை, லக்சபான மின்நிலையத்துக்கு இறங்கும் நீர், அடைமழையில் திறக்கும் வான்கதவு எல்லாம் எங்கள் அன்றாடம். ஆனாலும், நகரும் பொருளைத் தண்ணீர் எவ்வளவு பலமாகப் பிடித்து இழுக்கிறது என்பதைக் காசல்ரீ நீர்த்தேக்கத்தில்தான் கண்ணால் பார்த்தேன்.

ஒரு வள்ளத்தைக் கயிற்றில் கட்டி, நடுவே கொழுந்து நிறுக்கும் தராசைக் கோத்து, இன்னொரு வள்ளத்தால் சீராக இழுத்தோம். நீர் அடங்கியிருந்தபோது முள் ஓரிடத்தில் நின்றது. காற்று எழும்பி எதிரலை அடித்ததும் மேலும் கீழும் துள்ளியது. “ஏறினதும் இறங்கினதும் சரிக்குச் சரி, தம்பி” என்றார் வள்ளக்கார அண்ணன். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இழுவை ஏறக்குறைய வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். நீருக்குள் ஒரு கம்பம் செக்கனுக்கு 2 மீற்றர் வேகத்தில் போனால் இழுவை 4 பங்கு. அலைநீர் 1 மீற்றர் வேகத்தில் எதிர்த்து வரும்போது 9. கூடவே ஓடும்போது 1. இரண்டின் சராசரி 5; 4 அல்ல. வள்ளமோ அலையில் ஏறி விழுந்து தானும் புது அலைகளை எழுப்புகிறது. அதற்கும் தனிச் செலவு.

லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கிய 1950ஆம் ஆண்டிலேயே, கலிபோர்னியாவில் மொரிசன் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் கடலில் நடும் கம்பங்களுக்காக அலைவிசையை இரண்டாகப் பிரித்தார்கள்: நீரின் ஆர்முடுகலால் வருவது ஒன்று, வேகத்தால் வருவது மற்றது. சீரான அலையின் ஒரு முழுச் சுற்றில் முன்னது கழிந்துவிடும். கம்பம் நகர்ந்துகொண்டிருந்தால் பின்னது மிச்சம் வைக்கும்.

இன்று கணினி நீரைச் சிறு கட்டங்களாக வெட்டி, வள்ளம், கம்பம் போன்ற உடலின் மேல் விழும் அமுக்கத்தையும் உராய்வையும் கூட்டித் தருகிறது. அந்தக் கூட்டுத்தொகையில் எல்லாம் கலந்திருக்கும். ஆகவே முதலில் உடல் இல்லாமல் அலையை மட்டும் ஓட்ட வேண்டும். கட்டம் பெரிதானால் அலை வழியிலேயே செத்துவிடும். பிறகு அமைதி நீரில் ஒரு முறை, அலையில் ஒரு முறை உடலை இழுக்க வேண்டும். தொடக்கக் குழப்பத்தைத் தள்ளி, முழு அலைகளுக்கு மட்டும் சராசரி எடுத்து, அமைதி நீரின் எண்ணைக் கழித்தால் கிடைப்பதே அலை கேட்கும் கூடுதல். கட்டங்களை இன்னும் பொடியாக்கியும் அந்த எண் நகராவிட்டால்தான் அதை நம்பலாம்.

பொறியியல் படிக்கும் நம் மலையகப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன்: திரையில் அலை அழகாகப் புரள்கிறது என்பதற்காக விடையை ஏற்காதீர்கள். முதலில் வர்க்கம், பிறகு சராசரி. வரிசையை மாற்றினால் விடையும் மாறிவிடும்.